தசைச்சிதைவு நோய்ச் சிறுவர்கள்: கவனிக்கப்படாத இதயம்

ஹைதராபாத்: அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2021 மார்ச் மாத இறுதியில் வெளியிட்டபோது, நாடு முழுவதும் எட்டு இடங்களில் உயர் சிறப்பு மையங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ஹைதராபாதில் அமைந்தது. உப்பலில் உள்ள மரபணு ரேகை மற்றும் நோயறிதல் மையமும் (சி.டி.எஃப்.டி.) பஞ்சாகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனமும் (நிம்ஸ்) இணைந்து இப்பொறுப்பை ஏற்றன. தெலங்கானா, ஆந்திர மாவட்டங்களிலிருந்து அடிக்கடி தடுக்கி விழும் மகனைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோருக்கு, "டுஷென்" என்ற பெயர் பெரும்பாலும் இத்தகைய மரபியல் பிரிவுகளில்தான் முதன்முதலாக அறிமுகமாகிறது.

அந்த நாளில் பெற்றோர் கேட்கும் கேள்வி, மகன் மீண்டும் நன்றாக நடப்பானா என்பதுதான். அடுத்த பத்தாண்டுகளும் அவர்களது கவலை முழுவதும் கால்களைச் சுற்றியே அமைந்துவிடுகிறது. ஆனால், இன்று இந்நோய்க்கு ஆளான இளைஞர்களின் உயிரைப் பறிப்பதில் முன்னிலை வகிப்பது இதயச் செயலிழப்பு. கால்களின் பலவீனத்தைத் தெருவே பார்க்கிறது. இதயத்தின் பலவீனத்தையோ, எக்கோ கருவி வைத்துத் தேடினாலொழிய யாரும் பார்ப்பதில்லை.

ஒரு புரதத்தின் கதை

1860-களில் பிரெஞ்சு மருத்துவர் டுஷென் விரிவாக எழுதியதால் அவர் பெயரையே பெற்ற இந்நோய்க்கு, மனித உடலின் மிக நீளமான மரபணுவில் ஏற்படும் பிழையே காரணம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளையும் 79 பகுதிகளையும் கொண்ட இம்மரபணுவை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லூயி குன்கெல் குழுவினர் கண்டறிந்தனர். அது உருவாக்கும் புரதத்துக்கு 1987-ல் டிஸ்ட்ரோஃபின் என்று பெயரிடப்பட்டது. தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் அதன் அணுச்சுவர் கிழிந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது இப்புரதத்தின் வேலை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எப்படியோ, அப்படி. பட்டை கழன்ற சக்கரமும் சிறிது தூரம் ஓடும். பிறகு விரியத் தொடங்கும்.

கால் தசைக்கு நேர்வதே இதயத் தசைக்கும் நேர்கிறது. அணுச்சுவரில் விழும் நுண்ணிய கிழிசல்கள் வழியே கால்சியம் உள்ளே புகுகிறது. தசை அணுக்கள் மடிகின்றன. அவை இருந்த இடத்தில் நார்த்திசு தழும்பாகப் படிகிறது. இத்தழும்பு பெரும்பாலும் இடது கீழறையின் பின்புற, பக்கவாட்டுச் சுவரில் தொடங்குகிறது. தழும்புக்குச் சுருங்கத் தெரியாது. எஞ்சிய தசை கூடுதல் பாரத்தைச் சுமந்து விரிகிறது. கால் தசைக்காவது ஓய்வுண்டு. நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்துக்கு அதுவும் இல்லை.

3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் இந்நோயுடன் பிறப்பதாக உலகளவில் கணக்கிடப்பட்டுள்ளது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி ஆண் குழந்தைகள் பிறப்பதாகக் கொண்டால், எளிய வகுத்தல் கணக்கிலேயே ஆண்டுதோறும் 2,400 முதல் 3,400 சிறுவர்கள். அரிய நோய் என்னும் சொல்லை நம் நாட்டில் சற்று யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

பெரும்பாலான சிறுவர்கள் உரிய சிகிச்சை இல்லாத நிலையில் 12 வயதுக்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகின்றனர். முன்பெல்லாம் மூச்சுத் தசைகள் தளர்ந்து, பதின்ம வயதின் இறுதியிலேயே பலர் இறந்தனர். ஸ்டீராய்டு மருந்துகளும், இரவில் முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் பைபேப் கருவிகளும் வந்த பிறகு ஆயுள் நீண்டது. வசதியுள்ள நாடுகளில் முப்பது வயதைக் கடந்தோரும் கணிசமாக உள்ளனர். நுரையீரல் தந்த அவகாசத்தில் இதயத்தின் பாதிப்பு முன்னுக்கு வந்தது. பதினெட்டு வயதை எட்டும்போது ஏறக்குறைய அனைவரிடமும் ஏதேனும் ஓர் அளவில் இதயத் தசைப் பாதிப்பு காணப்படுகிறது.

வயிற்றுவலி என்று வருவது

இதயம் பழுதானால் மூச்சிரைக்கும், மாடிப்படி ஏற முடியாது என்பது எல்லோரும் அறிந்தது. படியே ஏறாத சிறுவனுக்கு மூச்சிரைப்பது எப்படித் தெரியும்? இதுதான் இந்நோயின் சூழ்ச்சி. சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் சிறுவனின் இதயம் பாதித் திறனை இழந்த பின்னரும் வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் போகலாம். அறிகுறி வரும்போதும் அது வேறு வேடத்தில் வருகிறது: வயிற்றுவலி, குமட்டல், பசியின்மை, எடை குறைதல், தூக்கம் கெடுதல், காரணமற்ற சோர்வு. வீட்டில் அது அஜீரணமாகப் பார்க்கப்படுகிறது. ஊர் மருத்துவமனையில் அமில மாத்திரை தரப்படுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நாடி வேகமாக ஓடுவது பல சிறுவர்களிடம் ஆண்டுக்கணக்கில் இருக்கும் முன்னறிகுறி. நாடியைப் பிடித்துப் பார்க்கச் செலவு ஏதுமில்லை.

எனவேதான், அறிகுறிக்காகக் காத்திராமல் தேடிச் செல்ல வேண்டும் என்று 2018-ல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள் வலியுறுத்தின. நோய் உறுதியான அன்றே இதயப் பரிசோதனை. அதன்பின் ஆண்டுக்கொரு முறை இசிஜியுடன் எக்கோ அல்லது எம்.ஆர்.ஐ. படம்; பாதிப்பு தென்பட்டால் இன்னும் அடிக்கடி. எக்கோவில் இதயத்தின் திறன் குறைந்ததாகத் தெரிவதற்கு முன்பே, சாயம் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் தழும்பு தெரிந்துவிடும். முதுகுத்தண்டு வளைந்த சிறுவர்களிடம் எக்கோ படம் தெளிவாகக் கிடைப்பதும் கடினம். ஆனால், எம்.ஆர்.ஐ. இல்லையென்பதற்காக எக்கோவையும் விட்டுவிடுவதில் பொருளில்லை. மாவட்டத் தலைநகரிலேயே எடுக்கக்கூடிய பரிசோதனை அது.

ஐந்தாண்டு, பத்தாண்டு

இந்தத் துறையில் மருத்துவ உலகின் பார்வையை மாற்றியது பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு. இதயம் இன்னும் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த, ஒன்பதரை முதல் 13 வயது வரையிலான 57 சிறுவர்களை டெனி டுபோக் தலைமையிலான குழு இரு பிரிவாகப் பிரித்தது. 28 பேருக்கு ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பெரிண்டோப்ரில் மாத்திரை. 29 பேருக்கு வெற்று மாத்திரை. மூன்றாண்டுகளுக்குப் பின் அனைவருக்கும் உண்மையான மாத்திரையே வழங்கப்பட்டது. ஐந்தாண்டு முடிவில், இதயத்தின் திறன் கடுமையாகச் சரிந்தவர்கள் முதல் பிரிவில் ஒருவர். தாமதமாகத் தொடங்கிய பிரிவில் எட்டுப் பேர். இம்முடிவு 2005-ல் வெளியானது. பத்தாண்டு நிறைவில் எண்ணிப் பார்த்தபோது முதல் பிரிவில் 28 பேரில் 26 பேர் உயிருடன் இருந்தனர்; மற்றதில் 29 பேரில் 19 பேர். சிறிய ஆய்வுதான். ஆனால், மூன்றாண்டு முந்திக்கொண்டதன் பலன் எத்தகையது என்பதை அதைவிடத் துலக்கமாகக் காட்டிய ஆய்வு வேறில்லை.

இதயம் நன்றாக இருக்கும்போதே, பத்து வயதுக்குள் இவ்வகை மாத்திரையைத் தொடங்குமாறு 2018 நெறிகள் கூறுவதற்கு இதுவே அடிப்படை. பெரிண்டோப்ரில் மட்டுமின்றி, எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 2015-ல் ஒஹையோவில் சுபா ராமன் தலைமையில் நடந்த ஆய்வு, எப்ளிரினோன் என்ற மாத்திரையைச் சேர்த்தால் இதயத் தசையின் சரிவு மேலும் மட்டுப்படுவதைக் காட்டியது. அதைவிட மலிவான ஸ்பைரனோலாக்டோனும் அதற்குக் குறைந்ததன்று என்பது பின்னர் நடந்த ஒப்பீட்டில் தெரியவந்தது. மருத்துவர் கண்காணிப்பில், சிறுநீரகத்தையும் ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தையும் அவ்வப்போது சோதித்துக்கொண்டு தரவேண்டிய மருந்துகள் இவை. ஆனால், இவற்றில் பலவும் நம் நாட்டில் ஒரு மாத்திரை சில ரூபாய்க்குக் கிடைப்பவை. எனலாப்ரிலும் ராமிப்ரிலும் ஸ்பைரனோலாக்டோனும் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலேயே உள்ளன.

சோவியத் உதவியுடன் 1960-களில் அமைந்த பொதுத்துறை ஐ.டி.பி.எல். ஆலையும், அங்கு பயின்று வெளியேறியோர் தொடங்கிய தனியார் நிறுவனங்களும் ஹைதராபாதை நாட்டின் மருந்து மூலப்பொருள் உற்பத்தித் தலைநகராக ஆக்கின. அத்தகைய நகரத்தின் நிழலிலேயே, இம்மாத்திரை ஒன்று இருப்பதை அறியாமல் பதினைந்து வயதை எட்டும் சிறுவர்கள் இருப்பார்களானால், அதற்குப் பண நெருக்கடியைக் காரணம் சொல்ல முடியாது.

விலையின் அரசியல் எப்படியெல்லாம் வேலை செய்கிறது என்பதற்கு ஸ்டீராய்டு மருந்தான டிஃப்ளசகார்ட் ஓர் உதாரணம். தசை பலவீனத்தைத் தாமதப்படுத்தும் இம்மருந்து இதயப் பாதிப்பையும் தள்ளிப்போடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியக் கடைகளில் பல ஆண்டுகளாகச் சாதாரண விலையில் விற்கும் இதற்கு, 2017-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு 89,000 டாலர் விலை அறிவித்தது. செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் உள்ளிட்டோர் கண்டனம் எழுப்பியதும், நிறுவனம் மருந்தின் உரிமையையே வேறொரு நிறுவனத்துக்கு விற்று விலகியது.

கோடிகளும் ரூபாய்களும்

நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் நடக்கும் விவாதம் வேறு திசையில் செல்கிறது. 2021 கொள்கையில் டுஷென் நோய் 3-ஆம் தொகுப்பில், அதாவது சிகிச்சைச் செலவு மிக அதிகமாகவும் நீண்டகாலப் பலன் பற்றிய சான்றுகள் குறைவாகவும் உள்ள நோய்களோடு வைக்கப்பட்டது. முதலில் இத்தொகுப்புக்கு நிதியுதவி கிடையாது. கூட்டு நிதி திரட்ட இணையதளம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் பெரிய தொகை எதுவும் திரளவில்லை. 2022 மே மாதம் விதி திருத்தப்பட்டு, எத்தொகுப்பைச் சேர்ந்த நோயாளிக்கும் உயர் சிறப்பு மையங்கள் மூலம் 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று அறிவிக்கப்பட்டது. பெற்றோர் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடினர். அந்த வழக்குகளில் 2024 அக்டோபர் 4-ஆம் தேதி தீர்ப்பளித்த நீதிபதி பிரதிபா சிங், அரிய நோய்களுக்கான தேசிய நிதியம் அமைத்து, இரு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ரூபாய் ஒதுக்க உத்தரவிட்டார்.

இந்தப் போராட்டம் நியாயமானது. பெற்றோர் வேறென்ன செய்வார்கள்? ஆனால், அவர்கள் எதற்காகப் போராடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலிவிடிஸ் என்ற மரபணு சிகிச்சையின் விலை 32 லட்சம் டாலர். நம் பணத்தில் 25 கோடி ரூபாய்க்கும் மேல். 2025-ல், நடக்க இயலாத நிலையை அடைந்திருந்த பதின்ம வயதினர் இருவர் இச்சிகிச்சைக்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறந்தனர். அவ்வாண்டு நவம்பரில், நடக்க இயலாதவர்களுக்கு இதை அளிப்பதற்கான அனுமதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நீக்கியது. ஃபைசர் நிறுவனத்தின் போட்டி மருந்தைப் பெற்ற சிறுவன் ஒருவன் 2024-ல் இதயத் துடிப்பு நின்று உயிரிழந்தான். பரிசோதனையின் முடிவும் ஏமாற்றமளிக்க, அத்திட்டமே கைவிடப்பட்டது.

ஆக, சக்கர நாற்காலியில் ஏற்கெனவே அமர்ந்துவிட்ட பதினைந்து வயதுச் சிறுவனுக்கு அந்த 25 கோடி ரூபாய் மருந்து கிடைத்தாலும் பயனில்லை. அவனுக்கு இன்று கையில் இருப்பது சில ரூபாய் மாத்திரையும் ஆண்டுக்கொரு எக்கோவும்தான். அவை எந்த வழக்கிலும் கோரிக்கையாக முன்னிற்கவில்லை. எந்தத் தேர்தல் அறிக்கையிலும் இடம்பெறவில்லை. மலிவான மருந்துக்கு வாதாட ஆள் கிடைப்பதில்லை.

மருத்துவக் காப்பீடுகளின் வடிவமைப்பும் இச்சிறுவர்களுக்குப் பொருந்துவதில்லை. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2007-ல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டத்தின் உச்சவரம்பைத் தெலங்கானா அரசு 2023 டிசம்பரில் 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. 2018-ல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய். இரண்டுமே அறுவைச் சிகிச்சையையும் உள்நோயாளிச் சிகிச்சையையும் மையமாகக் கொண்டவை. இதயம் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தால் பணம் உண்டு. செயலிழக்காமல் இருக்க மாதாமாதம் மாத்திரை வாங்குவதற்கும், வாடகைக் கார் பிடித்து எக்கோ எடுக்கச் செல்வதற்கும் குடும்பமே பொறுப்பு. மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மாடியில் வசிக்கும் குடும்பத்துக்கு, பரிசோதனைக் கட்டணத்தைவிட மகனைக் கீழே இறக்கி ஏற்றுவதே பெருஞ்செலவு.

ஓய்வூதியத்திலும் மாநிலத்துக்கு மாநிலம் பெரும் வேறுபாடு நிலவுகிறது. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் தசைச்சிதைவு நோய் தனியாகக் குறிப்பிடப்படவே இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாகச் சேர்த்தது. கடும் தசைச்சிதைவால் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கியவர்களுக்கு ஆந்திர அரசு 2024 ஜூலை முதல் மாதம் 15 ஆயிரம் ரூபாய் அறிவித்தது. தெலங்கானாவில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023-ல் 4,016 ரூபாயாக உயர்ந்தது. தமிழகத்தில் தசைச்சிதைவு நோயாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாயாக ஆனது. மாநில எல்லையைத் தாண்டினால் நோய் மாறிவிடுவதில்லை.

தமிழகத்துக்கு ஒரு வாய்ப்பு உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வந்தன. இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. டுஷென் சிறுவனுக்குத் தேவைப்படுவதும் ரத்த அழுத்த மருந்து வகையைச் சேர்ந்த மாத்திரைதான். கோவையில் இயங்கிவரும் எம்.டி.சி.ஆர்.சி. மையம், மருத்துவ விஞ்ஞானி பி.ஆர். லட்சுமியின் முயற்சியில், கிராமங்கள் வரை சென்று இந்நோயுள்ள குடும்பங்களுக்கு மரபணுப் பரிசோதனை செய்து வந்துள்ளது. இப்படித் திரண்ட அனுபவத்தையும் வீடு தேடிச் செல்லும் ஊழியர் படையையும் இணைக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பள்ளிகளுக்குச் செல்லும் நடமாடும் மருத்துவக் குழுக்கள், படிக்கட்டு ஏற முடியாததால் பள்ளியைவிட்டு நின்றுபோன சிறுவனைப் பார்க்கப் போவதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஹைதராபாதிலும் அடித்தளம் வலுவானது. இதயத் தசையின் மரபியலில் இந்நகரம் உலகக் கவனத்தைப் பெற்றதுண்டு. செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் (சி.சி.எம்.பி.) குமாரசாமி தங்கராஜ், அப்போது மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் இருந்த பெருந்துறை தண்டபாணி உள்ளிட்டோர் 2009 ஜனவரியில் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட பிழை தெற்காசியர்களில் ஏறத்தாழ நான்கு சதவீதம் பேரிடம் இருப்பதைக் காட்டியது. அது டுஷென் நோயோடு தொடர்புடையதன்று. ஆனால், இதயத் தசை நோய் பரம்பரையில் மறைந்து வருவதை இந்தியக் குடும்பங்களில் தேடிக் கண்டறியும் திறன் இங்கேயே உள்ளது என்பதற்குச் சான்று.

மயக்க மருந்தும் மறைந்த ஆபத்தும்

இன்னொரு ஆபத்தைப் பற்றி உரக்கச் சொல்ல வேண்டியுள்ளது. எலும்பு முறிவுக்கோ, முதுகு வளைவை நிமிர்த்தவோ, குடல்வால் அகற்றவோ இச்சிறுவர்களுக்கு அறுவைச் சிகிச்சை நடக்கும்போது, சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தி மருந்தைச் செலுத்தினால், தசைகளிலிருந்து பொட்டாசியம் திடீரென ரத்தத்தில் கலந்து இதயம் நின்றுவிடக்கூடும். நுகரும் மயக்க வாயுக்களும் தவிர்க்கப்பட வேண்டியவை. நோய் கண்டறியப்படாத சிறுவர்கள் இப்படி அறுவை மேசையிலேயே இறந்ததையடுத்துத்தான் அமெரிக்காவில் அம்மருந்தின் மீது கடும் எச்சரிக்கை அச்சிடப்பட்டது. மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் மாற்று மருந்துகள் உண்டு. இரவு நேரத்தில் அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஓடும் குடும்பம் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நோயின் பெயரும் தவிர்க்க வேண்டிய மருந்தும் எழுதிய அட்டை ஒன்று சிறுவனின் சட்டைப் பையிலோ சக்கர நாற்காலியிலோ இருந்தால் போதும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் பின்புறத்திலேயே இதை அச்சிடலாம்.

தாயின் இதயம்

தெலுங்கு, தமிழ்க் குடும்பங்களில் இந்நோய் தெரியவந்ததும் முதலில் எழும் பேச்சு, மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணந்ததால் வந்த வினை என்பது. இது தவறு. டுஷென் நோயின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. உறவில் மணம் முடித்தாலும் அசலில் மணம் முடித்தாலும் இதற்கான வாய்ப்பு ஒன்றே. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சிறுவர்களிடம் பிழை புதிதாகவே தோன்றுகிறது. மற்றவர்களுக்குத் தாய் வழியே வருகிறது. அதை அறிந்ததும் பழியைத் தாயின் மீது சுமத்தி, சிகிச்சைக்கான ஓட்டத்தையும் அவரிடமே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு.

யாரும் கவனிக்காத செய்தி இதுதான். பிழையுள்ள மரபணுவைச் சுமக்கும் தாய்க்கு இன்னொரு எக்ஸ் குரோமோசோம் துணையிருப்பதால் பெரும்பாலும் கால்கள் தளர்வதில்லை. ஆனால், அவரது இதயத் தசையிலும் சில அணுக்களில் டிஸ்ட்ரோஃபின் இருப்பதில்லை. அவர்களில் சிலருக்கு நடுத்தர வயதில் இதயத் தசை நோய் வருகிறது. ஆகவே, மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்கு இளவயதில் ஒருமுறையும், பின்னர் மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையும் இதயப் பரிசோதனை செய்யுமாறு அதே 2018 நெறிகள் கூறுகின்றன. சகோதரிகளுக்கும் இது பொருந்தும். மகனைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் நாள்தோறும் தூக்கிச் சுமக்கும் தாய்க்கு மூச்சு வாங்கினால், அதை வேலைக் களைப்பு என்று வீடு எடுத்துக்கொள்கிறது. மகனுக்கு எக்கோ எடுக்கும் அதே நாளில், அதே அறையில் அவருக்கும் எடுத்துவிட முடியும்.